நடுச்சுவரின் இரண்டு பக்கம்

மேற்கு வீடு, கல்லல்
14-8-1968

அண்ணனுக்கு நாச்சியார் எழுதுவது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. காலையில் நீங்கள் இருமுவது, பகலில் குழம்பைத் தீய்த்துவிட்டுச் சட்டியைச் சுரண்டுவது, சாயங்காலம் ரேடியோவைத் திருகுவது எல்லாம் சுவர் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. மதினி போன பிறகு பேச்சுச் சத்தம் நின்றுபோனது, அவ்வளவுதான். என் சத்தமும் உங்களுக்குக் கேட்கும். ஆகையால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா நம் இரண்டு பேருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடுத்தாரே, அந்த நடுச்சுவரில், முன்னே வாசல் இருந்து அடைத்த இடத்தில், என் பக்கம் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. ஆடியில் மருது ஆவடியிலிருந்து வந்தபோது பார்த்துவிட்டான். கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். "அம்மா, இது உங்க தலைமாட்டுல இருக்கு. ஒருநா ராத்திரி சரிஞ்சுச்சுன்னா யாருக்குத் தெரியும்? பேசாம எங்கூட வந்துருங்க" என்றான். வரமாட்டேன் என்றேன். பேச்சு வளர்ந்தது. கடைசியில், "மாமா காலமெல்லாம் ஓவர்சீயரா இருந்து கட்டடம் பாத்தவுக. அவுக இந்தச் செவரு நிக்கும்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நீங்க இங்கயே இருங்க. இல்லைன்னா கார்த்திகையில லீவு போட்டு வாரேன், வீட்டைப் பூட்டிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும். ஆவடியில் அவன் குவார்ட்டர்ஸ் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். மருமகள் நல்லவள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நான் மூலையில் வைத்த சாமான் மாதிரிதான். கோழி வளர்க்க இடமில்லை, சத்தம் போட்டுத் திட்ட ஆளில்லை.

சுவரைப் பார்க்க நீங்கள் இங்கே வரவேண்டாம். என் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னதும், மிதிக்கக்கூடாது என்று நான் சொன்னதும் அப்படியே இருக்கட்டும். அதனால்தான் தபாலில் கேட்கிறேன்.

நாச்சியார்


கிழக்கு வீடு, கல்லல்
19-8-1968

நாச்சியாருக்கு,

கடிதம் கிடைத்தது. பார்க்காத சுவருக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. சர்க்கார் வேலையில் இருந்தபோது மேலதிகாரி சொல்லியும் போட்டதில்லை.

என் பக்கத்தைப் பார்த்தேன். அதே இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு காய்ந்தால் இப்படிக் கோடு விடும். அதற்காக யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதில்லை. இருந்தாலும் முறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்கிறேன், உன் வழக்கப்படி கதை சொல்லாமல் பதில் எழுது.

விரிசல் நேராக இறங்குகிறதா, சரிந்து போகிறதா? சரிந்து போனால் அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்குகிறதோ என்று சந்தேகப்படவேண்டும். மேலே அகலமா, கீழே அகலமா? உள்ளே ஒட்டடையும் தூசியும் அடைந்திருக்கிறதா, இல்லை செங்கல்லின் புது நிறம் தெரிகிறதா? ஒட்டடை இருந்தால் பழைய விரிசல், அது தூங்குகிறது. நிறம் தெரிந்தால் இன்னும் நடமாடுகிறது. பக்கத்துக் கதவு ஏதாவது சாத்தும்போது நிலையில் இடிக்கிறதா? அகலத்தைக் கண்மதிப்பில் எழுதாதே. குண்டூசி போகிறதா, காசு போகிறதா என்று விட்டுப் பார்த்து எழுது. பிறகு காகிதத்தை விரல் அகலத்துக்கு நறுக்கி, மைதாப் பசை தடவி, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி வை. சுவர் சும்மா இருந்தால் காகிதமும் சும்மா இருக்கும்.

கட்டிலை அந்த இடத்தை விட்டு நகர்த்திப் போடு. இது அபிப்பிராயம் அல்ல, முன்ஜாக்கிரதை.

என் மகள் சிட்டாளுக்குக் கோயம்புத்தூரில் இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. நீ கேட்காமலே எழுதுகிறேன்.

குழந்தைவேலு


மேற்கு வீடு, கல்லல்
2-9-1968

அண்ணனுக்கு,

குழந்தை ஆணா பெண்ணா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். செங்கல்லின் நிறம் கேட்கத் தெரிந்த ஆளுக்கு அது எழுதத் தெரியவில்லை. நான் மருதுவுக்கு எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெண்ணாம். சிட்டாளும் அவனும் கடிதம் போட்டுக்கொள்கிறார்களாம், உங்களுக்குத் தெரியுமா? முறைப்பெண்ணை விட்டுவிட்டு வேலை செய்த இடத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்றுதானே வாசலை அடைத்தீர்கள். அவளும் சுகமாக இருக்கிறாள், அவனும் சுகமாக இருக்கிறான். நாம் இரண்டு பேர்தான் சுவரைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம்.

தபால்காரர் மாயக்கண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகரவே இல்லை. "ஏந்தாயி, செவத்துக்கு அங்குட்டு இருக்கவுகளுக்குக் கடுதாசி போட நீங்க தபாலாபீசு வரைக்கும் நடக்குறீக. நான் அதுக்கு முத்திரை குத்தி, ஊரைச் சுத்தி வந்து அடுத்த வாசல்ல குடுக்குறேன். ஒரு சத்தம் குடுத்தா முடிஞ்சு போற சோலி" என்றார். சர்க்கார் சம்பளம் கொடுப்பது நடப்பதற்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி உங்கள் கேள்விகள். விரிசல் சரியவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக இறங்குகிறது. முதலில் ஒரு பக்கம்தான் இருந்தது. இப்போது உற்றுப் பார்த்தால் பழைய வாசலுக்கு மறுபக்கத்திலும் ஒன்று தெரிகிறது. மேலே அகலம். அங்கே காசு முழுசாக உள்ளே போய்விட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. ஒட்டடை இல்லை, மண் நிறம்தான் தெரிகிறது. கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றன. காகிதம் ஒட்டினேன். இரண்டு நாள் சும்மா இருந்தது, சரி என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் விளக்கேற்றப் போனபோது பார்த்தால் குறுக்கே கிழிந்திருந்தது.

கட்டிலையும் நகர்த்திவிட்டேன். நகர்த்தின இடத்தில் உங்கள் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை. செய்தி வாசிக்கிறார்கள் என்று தெரிகிறது, என்ன செய்தி என்று தெரியவில்லை.

நாச்சியார்


கிழக்கு வீடு, கல்லல்
9-9-1968

நாச்சியாருக்கு,

ஒரே சுவரில் ஒரே விரிசல் என் பக்கம் மயிரிழையாகவும் உன் பக்கம் காசு போகிற அகலமாகவும் இருக்காது. மறுபடியும் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தைப் பார்த்தேன். குண்டூசி முனைகூட ஏறவில்லை. நீ சின்ன வயசிலிருந்தே எதையும் பெரிசாக்கித்தான் சொல்வாய். ஓணானைப் பார்த்துவிட்டு உடும்பு என்று ஊரைக் கூட்டினவள்தானே.

மருது பேச்சை ஏன் எடுத்தாய்? அவன் யாரைக் கட்டினான் என்பதல்ல என் கோபம். பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தும், பரிசம் போடுகிற நாள் குறிக்கிறவரை என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தக்கால் வெட்டச் சொல்லிவிட்டு வந்து நின்றவன் நான். ஊரார் முன்னால் சிட்டாள் முகத்தை நான்தான் பார்த்தேன். அதை நீ ஒருநாளும் எழுதமாட்டாய்.

விரிசல் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ சாம்பிராணி போடும்போது கரண்டியை விரிசல் பக்கத்தில் பிடித்து, விசிறியால் உள்ளே தள்ளு. நான் என் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். புகை வந்தால் அது வேறு கதை.

நேற்றிலிருந்து ரேடியோவைச் சற்றுச் சத்தமாக வைக்கிறேன். எனக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது.

குழந்தைவேலு


மேற்கு வீடு, கல்லல்
21-9-1968

அண்ணனுக்கு,

நான் சொல்லாதது உண்மைதான். சொன்னால் வீடு இரண்டாகிவிடும் என்று பயந்தேன். சொல்லாமலும் இரண்டாகிவிட்டது. சிட்டாள் முகத்தை நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அது. அதை நினைத்து நான் அழுததெல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

நேற்று புகை போட்டேன். விசிறி விசிறிக் கை வலித்தது. புகை விரிசலுக்குள் நன்றாகப் போயிற்று, திரும்ப வரவில்லை. நீங்கள் சொன்னபடி அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம் என் முகத்துக்கு நேரே கேட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நாம் இருந்தது நேற்றுத்தான். சாம்பிராணி தீர்ந்த பிறகும் நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். நீங்களும் எழுந்திருக்கவில்லை.

புகை வந்ததா? ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தட்டவில்லை. ஆகையால் இதற்கும் தபால்.

நாச்சியார்


கிழக்கு வீடு, கல்லல்
25-9-1968

நாச்சியாருக்கு,

புகை வரவில்லை. சாம்பிராணி வாசனைகூட வரவில்லை. உன் பக்கம் உள்ளே போனது, என் பக்கம் வெளியே வரவில்லை என்றால் நடுவில் அது தங்க ஓர் இடம் வேண்டும். கனமான சுவருக்குள் ஏது இடம்? எழுந்திருக்காமல் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், நிதானமாகப் பதில் எழுது. நான் வாசலை அடைத்தபோது முழுக் கனத்துக்கு அடைக்கவில்லை. என் பக்கத்தை ஒட்டி அரைக்கல் கனத்தில்தான் எழுப்பினேன். அப்படியென்றால் உன் பக்கம் மர நிலை அப்படியே நிற்கவேண்டும், அதற்குப் பின்னால் அலமாரி வைக்கிற அளவுக்குச் சுவர் உள்வாங்கி இருக்கவேண்டும். நீ எழுதிய மூன்று கடிதத்திலும் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலை எங்கே?

அந்த இடத்தைக் கை முட்டியால் தட்டிப் பார். பிறகு ஓரமாகப் போய் நல்ல சுவரைத் தட்டிப் பார். இரண்டு சத்தமும் ஒன்றா?

குழந்தைவேலு


மேற்கு வீடு, கல்லல்
3-10-1968

அண்ணனுக்கு,

நிலை உள்ளே இருக்கிறது. நானும் அடைத்தேன்.

நீங்கள் அடைத்துவிட்டு மறுவாரம் குடும்பத்தோடு ராமநாதபுரம் வேலைக்குப் போய்விட்டீர்கள். என் பக்கம் நிலை நின்றது. அதில் மதினி வெள்ளிக்கிழமை தோறும் வைத்த மஞ்சளும் குங்குமமும் அழியாமல் இருந்தது. அதற்குப் பின்னால் உங்கள் செங்கல், பூச்சுக்கூட இல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. காலையில் எழுந்தால் அதில்தான் விழிக்கவேண்டும். பழக்கத்தில் குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு என்று நடந்து, அந்தச் செங்கல் முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஒருநாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கே பிள்ளையார்பட்டிப் பக்கமிருந்து கிணறு கட்ட வந்திருந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். "சுண்ணாம்பு அரைக்க நாளாகும் தாயி, மண்ணுல வச்சுக் கட்டிரவா?" என்று கேட்டார். எதில் வேண்டுமானாலும் கட்டு, எனக்கு நாளைக்கு அது தெரியக்கூடாது என்றேன். என் சுவருக்குச் சமமாக எழுப்பி, மேலே மட்டும் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனார்.

தட்டிப் பார்த்தேன். நல்ல சுவர் கல்லைத் தட்டின மாதிரி இருக்கிறது. அந்த இடம் வெறும் பானையைத் தட்டின மாதிரி இருக்கிறது. கையை வைத்துத் தடவினால் நடுவில் என் பக்கமாக வயிறு தள்ளியிருப்பதும் தெரிகிறது.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெட்டி கட்டவா, வேண்டாமா?

நாச்சியார்


கிழக்கு வீடு, கல்லல்
12-10-1968

நாச்சியாருக்கு,

பதில் தாமதம். காரணம் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மருதுவுக்கு, "சுவர் பத்திரம், பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதி, ஒட்டி, விலாசமும் எழுதிவிட்டேன். அனுப்பினால் நீ இங்கேயே இருப்பாய். நீ போய்விட்டால் எனக்கு மேற்கே ஒரு சத்தமும் கிடையாது. விடிந்ததை நான் தெரிந்துகொள்வது நீ கோழியைத் திட்டுவதை வைத்துத்தான். நீ உலை வைக்கும் சத்தம் கேட்டுத்தான் நானும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். உன் மதினி கருப்பம்மாள் போன பிறகு இந்த வீட்டில் நான் கேட்கிற மனிதச் சத்தம் ரேடியோவும் நீயும்தான். ஆகவே அந்தக் கடிதத்தைப் பல நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். அப்படி எழுதிவிட்டு உனக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன்?

என் முடிவு இது. அப்பா கட்டிய நடுச்சுவருக்கு ஒரு குறையும் இல்லை. அது இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும். உன் பக்கம் நீ அடைத்த பகுதிதான் மோசம். அது பழைய சுவரோடு பல் கோத்துக் கட்டப்படவில்லை, அதனால்தான் இரண்டு ஓரத்திலும் நேர்க்கோடாக விடுகிறது. மண் சாந்து ஈரம் தாங்காது. கூரையில் எங்கோ ஓடு நகர்ந்து தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்குகிறது என்று நினைக்கிறேன். வயிறு தள்ளின சுவர் உள்ளே போகாது, வெளியேதான் விழும். அந்த அறையில் நீ இருக்காதே. மழை பிடிப்பதற்குள் ஆள் வைத்து உன் பக்கத்தை இடித்து எடுத்துவிடு. வைரவனை அனுப்புகிறேன், நல்ல கொத்தனார்.

என் பக்கம் சுண்ணாம்பில் கட்டியது. அது நிற்கும். அதைத் தொடவேண்டிய அவசியம் இல்லை.

குழந்தைவேலு


மேற்கு வீடு, கல்லல்
20-10-1968

அண்ணனுக்கு,

வைரவன் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

என் பக்கத்தை மட்டும் இடித்தால் எனக்கு என்ன மிஞ்சும்? மதினியின் மஞ்சள் பூசிய நிலையும், அதற்குப் பின்னால் உங்கள் செங்கல்லின் முதுகும். அதைப் பார்க்கமாட்டாமல்தான் கட்டினேன் என்று எழுதினேனே, படித்தீர்களா? கோழிச் சத்தம் வேண்டும், உலைச் சத்தம் வேண்டும், ஆனால் சுவரைத் தொடவேண்டிய அவசியம் இல்லை. ரொம்பச் சரி. அதற்கு ஆவடி மேல். அங்கே சுவருக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஏக்கமும் இருக்காது.

வரச் சொல்லி மருதுவுக்கு எழுதிவிட்டேன். கோழிகளை மாயக்கண்ணன் பெண்டாட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அறையை மாற்றிக்கொண்டேன். அவன் வருவதற்குள் இந்தச் சுவர் விழுந்தால் விழட்டும்.

ரேடியோவை எனக்காகச் சத்தமாக வைக்கவேண்டாம். அடுப்படிக்கு அது வருவதில்லை.

நாச்சியார்


மேற்கு வீடு
17-11-1968, மழை

அண்ணனுக்கு,

இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். முதலில் மண் சரிகிற சத்தம், பிறகு ஒரே இடியாக மொத்தமும். கட்டில் கிடந்த இடமெல்லாம் செங்கல். நீங்கள் நகர்த்தச் சொல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

புழுதிக்குள் நான் நின்றுகொண்டிருந்தபோது அங்கே உங்கள் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. "நாச்சியா" என்று கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. நீங்கள் கூப்பிட்டீர்களா, மழையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பதில் சொல்லி, அது மழையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

நிலை அப்படியே இருக்கிறது, செல்லரிப்புக்கூட இல்லை. மழை வானம் பகலிலேயே இருட்டிவிட்டதால் நீங்கள் விளக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த வெளிச்சம் நிலையின் ஓரமாக, மேலிருந்து கீழே ஒரு கோடாக என் பக்கம் வருகிறது. தண்ணீரில் ஊறி உங்கள் பூச்சும் உதிர்ந்திருக்கவேண்டும். நீங்கள் சொன்ன மயிரிழைக்குப் பின்னால் இவ்வளவு சந்து இருந்திருக்கிறது. உங்கள் கொத்தனாரும் பல் கோத்துக் கட்டவில்லை. பூச்சு மூடிவைத்திருந்தது.

அகலத்தைக் கண்மதிப்பில் எழுதாதே என்றீர்கள். இந்தக் காகிதத்தை நான்காக மடித்து அதில் விட்டுப் பார்க்கப் போகிறேன். உங்கள் கைக்கு வந்தால், அதுதான் அளவு.

நாச்சியார்


கிழக்கு வீடு
அதே நாள்

நாச்சியாருக்கு,

உன் கடிதம் என் காலடியில் விழுந்தது. மூன்று தடவை படித்தேன். இதையும் அதே சந்தில் விடுகிறேன். நிலையை விட்டு இரண்டு அடி தள்ளி நில், என் பக்கச் செங்கல்லும் இனி நிச்சயம் இல்லை.

வைரவனுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். மழை விட்டதும் என் பக்கத்தை முழுவதும் எடுத்துவிடுவார். அதன் பிறகு அந்த இடத்தில் ஒன்றும் கட்டுவதாக இல்லை. கூரையில் ஓட்டை மட்டும் சரிசெய்துகொள்வோம்.

மருதுவுக்கும் அந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறேன். வாசல் இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இருந்தது, அதைத் தவிர இந்த வீட்டில் வேறு கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் போட்டேன். கோழிகளைக் கொடுத்துவிடாதே.

அது மழை இல்லை. நான்தான் கூப்பிட்டேன். இன்னும் இந்த ஓரத்திலேயேதான் நிற்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே, நாச்சியா. அங்கிருந்தே சொல்.

அண்ணன்